வக்கீல் பீஸும் கால் பங்கும்

எங்க அத்தைக்கு ஒரு கேஸ். மாமா ரோடு விபத்துல போயிட்டார், நஷ்டஈடு கேட்கணும். பெசன்ட் நகர்ல மாடில ரெண்டு ரூம் ஆபீஸ் வச்சிருந்த ஒரு வக்கீல், "இப்ப ஒரு பைசா வேணாம்மா, வர்றதுல கால் பங்கு குடுங்க, போதும்"னார். அத்தைக்கு நிம்மதி. எனக்கு உறுத்தல். பழைய கதையையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

எங்க பேட்டைக்குப் பேர் குடுத்த அன்னி பெசன்ட்டும் ஹைகோர்ட் படி ஏறினவங்கதான். ஜே.கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் திருப்பிக் கேட்டு அப்பா நாராயணய்யா 1912-ல் வழக்குப் போட்டார். பெசன்ட் அம்மா வக்கீல் வைக்காம தானே வாதாடினாங்க. எதிர்த்தரப்புல சி.பி.ராமசாமி ஐயர்! 1913-ல் இங்கே தோத்து, 1914-ல் லண்டன் ப்ரிவி கவுன்சில்ல ஜெயிச்சாங்க. அதே சி.பி. பின்னாடி ஹோம் ரூல் இயக்கத்துல அவங்களோட சேர்ந்தது தனிக்கதை.

எல்லாராலும் அப்படி வாதாட முடியுமா? லண்டன் வழக்கப்படி அட்டர்னி காகிதம் தயார் பண்ணுவார், பாரிஸ்டர் எழுந்து பேசுவார். ரெண்டு பேருக்கும் தனித்தனி பீஸ். இது போக நம்மூர் வக்கீல்கள் தனி ரகம். இவங்களையெல்லாம் 'அட்வகேட்' என்ற ஒரே குடைக்குள்ள கொண்டுவர வழி பண்ணினது 1961 சட்டம்.

இதுல ஒரு வேடிக்கை. இங்கிலாந்தோட பழைய மரபுல பாரிஸ்டர் பீஸ் என்பது மரியாதைக்குக் கொடுக்கிறதா இருந்துச்சு. வரலைன்னா அப்போ கோர்ட்டுக்குப் போக முடியாம இருந்துச்சு. இங்கே 1926-ல் வந்த சட்டம், பீஸைப் பேசி முடிவு பண்ணவும் வராட்டி வழக்குப் போடவும் வக்கீல்களுக்கு உரிமை கொடுத்தது.

சரி, பங்கு? வெளியாள் ஒருத்தர் கேஸுக்குப் பணம் போட்டு, ஜெயிச்சா பங்கு வாங்கினா அதுவே குத்தமில்லைன்னு ப்ரிவி கவுன்சில் 1876-லயே சொல்லிடுச்சு. ஆனா வக்கீல் அப்படிக் கேட்டா தொழில் ஒழுக்கக்கேடுன்னு சுப்ரீம் கோர்ட் 1954-ல் தீர்ப்புச் சொன்னது. பார் கவுன்சில் விதியும் அதேதான். தெலங்கானால, கணவரை விபத்துல பறிகொடுத்த ஒரு பெண்கிட்ட நஷ்டஈட்டுல சதவீதக் கணக்குல பீஸ் கேட்ட வழக்குல, அது செல்லாதுன்னு 2017-ல் திரும்பவும் சொன்னாங்க. அப்படியே அத்தை கதை!

இன்னொண்ணும் தெரிஞ்சு வச்சுக்குங்க. பீஸ் பாக்கின்னு கட்சிக்காரரோட ஃபைலை வக்கீல் பிடிச்சு வைக்கக் கூடாது. இது 2000-ல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு.

இதையெல்லாம் அத்தைகிட்ட சொன்னேன். அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க: "நியாயம்தாண்டா. கையில காசில்லாதவ என்ன பண்றது?"

கால் பங்கு ஏற்பாடு ஏன் இன்னும் ஒழியலைங்கறதுக்கு அந்தக் கேள்விதான் பதில். 1987-ல் போட்ட சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. ஹைகோர்ட் வளாகத்துலயே விசாரிக்கலாம். இது அத்தைக்குத் தெரியாது. எனக்கும் அதுவரைக்கும் தெரியாது.

கடைசில வேற ஒரு வக்கீல் கிடைச்சார். பீஸ் இவ்வளவுன்னு முதல்லயே எழுதிக் கொடுத்துட்டார், மூணு தவணை, ஒவ்வொண்ணுக்கும் ரசீது. கேஸ் நடக்குது. வர்ற நஷ்டஈடு முழுசும் அத்தைக்குத்தான்.