துறையும் தலமும்: நயினாதீவுக் கல்வெட்டு நிற்கும் இடம் குறித்து ஒரு மறுவாசிப்பு

யாழ்ப்பாணத் தீவகத்தின் வழிபாட்டிடங்களை அவற்றின் தனிமையைக் கொண்டு விளக்கும் ஆய்வுப் போக்கொன்று நெடுங்காலமாக நிலவிவருகிறது. நயினாதீவின் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும், வேலணைத் தீவின் சாட்டியில் உள்ள சிந்தாத்திரை மாதா கோயிலும், நிலையான குடிகள் இல்லாத கச்சதீவின் அந்தோனியார் கோயிலும் நிலத்திலிருந்து கடலால் பிரிந்து கிடந்தமையாலேயே புனிதம் பெற்றன என்பது அப்போக்கின் சாரம். கீழைக் கிறித்தவ உலகின் ஏரித்தீவு மடங்களே அதற்கு மாதிரி. எத்தியோப்பியாவின் தானா ஏரியில் உள்ள தாகா எஸ்டிபானோஸ் மடத்துத் தீவில் பெண்கள் இறங்குவதற்கு இன்றும் இடமில்லை. ஆர்மீனியாவின் செவான் ஏரித்தீவில் 874இல் எழுந்த மடமும் உலகைத் துறந்தோரின் ஒதுக்கிடமாகவே அறியப்பட்டது. இத்தகைய இடங்களில் நீர் மதிலின் வேலையைச் செய்கிறது. அதே மதிலைப் பாக்கு நீரிணையின் தீவுகளிலும் காண முற்படுவது, கிடைத்துள்ள சான்றுகளில் மிகப் பழையதும் காலம் தெளிவானதுமான ஒன்றுக்கு நேர்மாறாக அமைகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அச்சான்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகிய இதனைக் கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் பதிப்பித்தார். அதன் பொருளைச் சுருக்கிக் கூறினால் இவ்வாறு அமையும்: பிற நாட்டவர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும், பல துறைகளிலிருந்தும் வருவோர் அத்துறையில் கூட வேண்டும். அரசன் யானையையும் குதிரையையும் விரும்புவதால், அவற்றைக் கொண்டுவரும் கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு மட்டும் பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, உரியது. மூன்று பங்கு உடையவனுக்குச் சேரும். பிற சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பண்டாரமும் உடையவனும் சரிபாதி கொள்ள வேண்டும். இவ்வொழுங்கு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது என்ற குறிப்பும், அரசனைப் போற்றும் வடமொழித் தொடரும் இறுதியில் வருகின்றன.

ஆணையின் உள்ளடக்கம் பற்றிப் பெரிய கருத்து மாறுபாடு இல்லை. இலங்கைக்கு யானை வந்திறங்குவது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றினாலும், அதே அரசன் யானை வாணிபத்துக்கு விழுந்த தடையைக் காரணமாகக் கொண்டு இராமஞ்ஞம் எனப்பட்ட பர்மிய நாட்டின் மீது படை அனுப்பியதைச் சூளவம்சம் விரித்துரைப்பதால் அம்முரண் நீங்கிவிடுகிறது. ஊராத்துறை அக்காலத்தில் முதன்மையான துறை என்பதற்கும் புறச்சான்று உண்டு. பராக்கிரமபாகு படையும் கலங்களும் திரட்டிய இடங்களுள் ஒன்றாக அதனை இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. சிக்கல் எழுவது வேறோரிடத்தில். ஊராத்துறையைப் பற்றிய ஆணை, அத்துறைக்குத் தென்மேற்கே, இடையில் கடல் கிடக்கும் நயினாதீவில் ஏன் நிற்கிறது?

இக்கேள்விக்கு இரு விடைகள் வழக்கில் உள்ளன. நயினாதீவு 12ஆம் நூற்றாண்டிலேயே அரச ஆதரவு பெற்ற தலமாக விளங்கியதாலேயே கல் அங்கு நாட்டப்பட்டது என்பது ஒரு விடை. அத்தலம் சைவமா பௌத்தமா என்பதில் மட்டும் இவ்விடையைக் கூறுவோர் தம்முள் பிரிவர். கல் முதலில் ஊராத்துறையில் நின்று பிற்காலத்தில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது என்பது மற்றையது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினும், துறை வேறு, தலம் வேறு என்ற ஒரே எடுகோளின் மீதே இரண்டும் நிற்கின்றன. தலத்தில் கல் இருந்தால் அது சமயம் சார்ந்ததாக வேண்டும். சமயம் சாராததாயின் அது அங்கு இருந்திருக்கக் கூடாது என்பதே இரண்டுக்கும் அடியில் உள்ள தருக்கம்.

முதல் விடையைக் கல்வெட்டின் வாசகமே தாங்கவில்லை. தெய்வத்தின் பெயரோ, விளக்குக்கோ பூசைக்கோ விட்ட நிலமோ, சங்கத்துக்கு, அதாவது பிக்குகளின் அமைப்புக்கு, அளித்த கொடையோ கிடைத்துள்ள வாசகத்தில் இடம்பெறவில்லை. சிதைந்த பகுதிகளில் அவை இருந்திருக்கலாம் என்ற மறுப்பு, இல்லாத எழுத்தைச் சான்றாகக் கொள்வதாகையால் அதை நீட்டிக்கத் தேவையில்லை. மகாவம்சம் புத்தரின் இரண்டாம் வருகைக்குரிய இடமாகக் கூறும் நாகதீபத்தைத் துணைக்கு அழைப்பதும் பயன் தராது. வல்லிபுரப் பொன்னேடு காட்டுகிறபடி அப்பெயர் பண்டைக்காலத்தில் குடாநாட்டையே சுட்டியதால், அதனை ஒரு சிறு தீவுக்குள் அடக்குவதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

இரண்டாம் விடை இதனினும் வலுவானது. கற்கள் இடம் பெயர்வதுண்டு. சீனத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதியுடன் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் பொறிப்பித்த கல்லின் தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தெய்வமாகிய தென்னாவர நாயனாரை முன்னிறுத்துகிறது. ஆனால் அக்கல் 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. நயினாதீவுக் கல்லுக்கும் அவ்வாறு நேர்ந்திருக்கக் கூடாதா என்பது நியாயமான கேள்வியே. ஆயினும் கல் பெயரத்தக்கது என்பதிலிருந்து இந்தக் கல் பெயர்ந்தது என்ற முடிவு பிறக்காது. பெயர்த்தவருக்கு ஒரு தேவையும் பெயர்ந்ததற்கு ஒரு திசையும் காட்டப்பட வேண்டும். போர்த்துக்கேயர் காலத்தில் இடிந்த கோயில் 1788இல் மீண்டும் எழுந்தது என்பது நயினாதீவுக் கோயில் மரபு. ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியாகிய அக்காலத்தில், கட்டடத்துக்கு முருகைக்கல், அதாவது கடலில் விளையும் பவளக்கல், தீவுகளிலேயே கிடைக்கும்போது, எழுத்துப் பொறித்த பலகைக்கல் ஒன்றை ஊர்காவற்றுறையிலிருந்து தோணியேற்றிக் கொண்டுவரக் காரணம் தேடுவது கடினம். போர்த்துக்கேயர் ஆட்சியிலோ கோயிற்கற்கள் கோட்டைகளை நோக்கிச் சென்றனவேயன்றி, கோட்டை இருந்த துறையிலிருந்து சிறுதீவுக் கோயிலை நோக்கிச் சென்றதில்லை.

இனி, துறைமுக ஆணை கோயிலில் நிற்பது விந்தையா என்பதையும் நோக்க வேண்டும். காகத்திய அரசன் கணபதி 1244ஆம் ஆண்டளவில் ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் நாட்டிய அபய சாசனம், அதாவது வணிகருக்கு அஞ்சேல் என்று உறுதி கூறும் ஆணை, இதற்கு மிக நெருங்கிய இணை. புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் சரக்கை முன்னைய அரசர்கள் பறித்துவந்த வழக்கத்தைக் கைவிட்டு, விதித்த சுங்கத்தை மட்டும் கொள்வதாக அது அறிவிக்கிறது. அத்தூண் நிற்பது வீரபத்திரர் கோயிலில். அங்கு எவரும் தூண் பெயர்ந்து வந்தது என்றோ, அது கோயிலுக்கு அளித்த கொடை என்றோ வாதிடுவதில்லை. கடலோடிகள் கூடும் இடம் கோயில், அவர்கள் சூளுரைக்கும் இடமும் அதுவே என்பதால் ஆணை அங்கு நிற்கிறது. மோட்டுப்பள்ளிக் கோயில் துறையிலேயே உள்ளது, நயினாதீவு ஊராத்துறைக்கு வெளியே உள்ளது என்ற வேறுபாட்டை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த வேறுபாட்டுக்கான விளக்கம் ஆணைக்குள்ளேயே இருக்கிறது.

கலமுடைவு பற்றிய விதியே ஆணையின் நடுப்பகுதி. கலம் துறைக்குள் நங்கூரமிட்ட பின் உடைவது அரிது. துறையை நெருங்கும் வழியில், ஆழமற்ற பாக்கு நீரிணையின் மணல் திட்டுகளிலும் வெளித்தீவுகளைச் சூழ்ந்த பாறைகளிலும் மோதியே அது உடையும். மாதோட்டம், இராமேசுவரம் ஆகிய தென்திசைகளிலிருந்து ஊராத்துறைக்கு வரும் கலம் நெடுந்தீவையும் நயினாதீவையும் புங்குடுதீவையும் கடந்தே ஆக வேண்டும். இன்றும் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்லும் படகுகள் புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையிலிருந்தே புறப்படுவது இத்தீவுகள் ஒரே நீர்வழியில் கோத்துக் கிடப்பதைக் காட்டும். உடைந்த கலத்தின் சரக்கில் முதலில் கைவைக்கக் கூடியவர் பொலன்னறுவையின் அதிகாரியும் அல்லர், ஊராத்துறையின் சுங்கம் கொள்வோரும் அல்லர். சரக்கு ஒதுங்கும் கரையில் வாழும் தீவார். ஆகவே இவ்வாணைக்கு இரு வகைக் கேட்போர் உண்டு: வர அழைக்கப்படும் பிறநாட்டு வணிகர் ஒருவர், அவர்தம் சரக்கைத் தொடாதிருக்குமாறு மறைமுகமாக எச்சரிக்கப்படும் கரைவாசிகள் மற்றவர். முதலாமவருக்கு ஆணை ஊராத்துறையில் வேண்டும். இரண்டாமவருக்கு அது கலம் உடையும் இடத்தில் வேண்டும். கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதாக ஆணை கூறுவது, ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் இருந்தமையை ஏற்பதற்கு இடந்தருகிறது. நயினாதீவுக் கல், பெயர்த்து வரப்பட்ட மூலம் என்பதைவிட, அங்கேயே நாட்டப்பட்ட ஒரு படி என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இம்முடிவுக்கு வரம்பு உண்டு. கல்லிலும் செம்பிலும் என்பது வெறும் வாய்பாட்டுத் தொடராகவும் இருக்கலாம். வடக்கே பருத்தித்துறை முனையைச் சுற்றி வரும் கலங்கள் நயினாதீவை அணுகாமலே காரைதீவுப் பக்கமாக ஊராத்துறையை அடையக்கூடும். பர்மிய யானைக் கலங்கள் அவ்வழியே வந்திருப்பதே இயல்பு. ஊராத்துறையில் இதே ஆணையின் இன்னொரு படி கிடைக்கும்வரை இவ்வாசிப்பு மெய்ப்பிக்கப்பட்டதாகாது. ஆனால் தென்வழி ஒன்றே இவ்வாசிப்புக்குப் போதுமானது. மேலும், பெயர்த்தல் கொள்கை ஆணையின் ஒரு சொல்லையும் கூடுதலாக விளக்குவதில்லை. கல் நின்ற இடத்தை மட்டும் மாற்றிவிட்டு ஓய்கிறது.

இவ்வாறு கொண்டால், தனிமைக் கோட்பாட்டுக்குத் துணையாகக் காட்டப்படும் பிற ஆதாரங்களும் வேறு முகம் காட்டுகின்றன. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவுதானா என்பது ஐயத்துக்குரியது. அதனை ஏற்பவர்கள்கூட, ஆபுத்திரன் அத்தீவில் விடப்பட்ட சூழலைக் கருத வேண்டும். சாவகம் நோக்கிச் சென்ற வங்கம் காற்றின் சீற்றத்தால் அங்கு பாய் இறக்கி நின்றது. அவன் இறங்கியது அறியாமல் அது மீண்டும் புறப்பட்டது. அத்தீவின் தனிமை கப்பல் தங்கிச் சென்றதன் விளைவு. கண்ணகி வழக்குரையின் கடலோட்டுப் பகுதியிலும், சிலம்புக்கு வேண்டிய நாகமணியைத் தேடிக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கலம் ஓட்டி வரும் மீகாமன், அதாவது மரக்கலத் தலைவன், வெடியரசனுடன் பொருகிறான். அவ்வரசனின் கோட்டை எனச் சுட்டப்படும் இடிபாடு நெடுந்தீவில் உள்ளது. நயினாதீவுத் தலக்கதையிலும் அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திய நாகத்தைக் கருடனிடமிருந்து காத்தவன் அவ்வழியே கலத்தில் வந்த வணிகன். இக்கதைகளை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆனால் வெவ்வேறு காலத்தவையான மூன்றும் தீவின் புனிதத்தைக் கப்பலோடு பிணைத்தே பேசுவதைத் தற்செயல் என்று ஒதுக்குவதும் எளிதன்று.

கிறித்தவத் தலங்கள் இத்தொடர்ச்சியைக் குலைக்கவில்லை. சாட்டியின் சிந்தாத்திரை மாதா கடற்பயணிகளின் காவலாகவே வணங்கப்படுகிறாள். கச்சதீவில் குடிநீரும் இல்லை. துறவு மடமும் எழுந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரக் கரையின் மீனவர் சமூகம் எழுப்பிய அந்தோனியார் கோயில், யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்கு உட்பட்டதாய், தவக்காலத் திருவிழாவின் சில நாள்களுக்கு மட்டும் இருகரை மக்களையும் கூட்டுகிறது. ஏரித்தீவு மாதிரி இங்கு முற்றிலும் தோற்றுவிடுகிறது: ஒதுங்கி வாழ ஒருவரும் இல்லாத தீவில் தனிமையைப் புனிதத்தின் ஊற்றாகக் கூறுவது பொருளற்றது. இந்தியாவும் இலங்கையும் 1974இல் செய்த உடன்படிக்கை கச்சதீவை இலங்கையின் பக்கம் வைத்தபோது, இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணமோ நுழைவிசைவோ இன்றி முன்போலவே அங்கு வந்துபோகலாம் என்று அதன் ஐந்தாம் பிரிவு கூறியது. மீனவரையும் யாத்திரிகரையும் ஒரே தொடரில் வைத்தமை வரைவாளரின் கவனக்குறைவு அன்று. வலைக்கு வருபவரும் வழிபாட்டுக்கு வருபவரும் ஒரே படகில் வரும் நிலையை அது ஏற்றுக்கொள்கிறது.

பராக்கிரமபாகுவின் ஆணையும் இவ்வுடன்படிக்கையும் எண்ணூறு ஆண்டு இடைவெளியில் நிற்பவை. ஒன்றின் வழியே மற்றொன்று வந்ததாகக் கூறுவதற்கில்லை. ஆனால் தீவகத்தைப் பற்றி அரசுகள் எழுத நேர்ந்தபோதெல்லாம் அவை தீவை அடையும் கலத்தையும், கலத்தில் வருபவரின் உரிமையையும் பற்றியே எழுதின என்ற ஒற்றுமை, தீவகத் தலங்களின் வரலாற்றைத் துறைகளின் வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும் என்பதற்குப் போதிய காரணம். அவ்வாறு எழுதும்போது நயினாதீவு சைவர்க்கு முதலில் உரியதா பௌத்தர்க்கா என்ற வழக்கில் இக்கல்வெட்டை இரு தரப்பும் சாட்சியாக அழைக்க முடியாது. அது பேசுவது கடலில் சரக்கை இழந்தவனின் பங்கைப் பற்றி. அப்பங்கை நிலைநாட்ட ஓர் அரசன் தேர்ந்த இடம் தெய்வத்தின் முன்றில் என்பதே, அத்தலம் அக்காலத்தில் எவருக்கு எதற்காகப் பயன்பட்டது என்பதற்கு இன்று கையில் உள்ள மிக உறுதியான சான்று.