கூரை வழியே போன பணம்

வங்கிக்கு வங்கி நோட்டைக் கொண்டுபோகும் வழியில் நடக்கும் திருட்டு, காகிதப் பணத்தோடு பிறந்தது. அதற்கு முன்பு காவிரி டெல்டாவில் நிலவரிக் கிஸ்தி வெள்ளி ரூபாயாக வசூலாகி, தாலுகா கஜானாவிலிருந்து மாவட்டக் கஜானாவுக்குக் காவலோடு போனது. ஒரு ரூபாய் 11.66 கிராம், ஒரு லட்சம் ரூபாய் என்றால் ஒரு டன்னைத் தாண்டும். அவ்வளவையும் தூக்கிக்கொண்டு ஓட யாராலும் முடியாது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில்தான் காகித நாணயச் சட்டமும் வந்தது. பணம் கனம் குறைந்தது, வேகமாகவும் ஓடத் தொடங்கியது.

இன்று நோட்டுகள் நாசிக், தேவாஸ், மைசூர், சல்போனி அச்சகங்களிலிருந்து ரிசர்வ் வங்கி அலுவலகங்களுக்கும், அங்கிருந்து வங்கிகளில் உள்ள கரன்சி செஸ்ட் எனும் நோட்டுக் கிடங்குகளுக்கும், பிறகு கிளைகளுக்கும் போகின்றன. இந்தப் புது நோட்டுக்கட்டுகளுக்கு அவற்றின் எண்ணே ஒரு காவல். வரிசை எண் தொடர்ச்சியாக இருப்பதால், எந்தக் கட்டு எங்கே போனது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கைமாறிக் கசங்கித் திரும்பும் அழுக்கு நோட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எண்கள் கலந்து கிடக்கும்; திருடினால் தடம் பிடிப்பது கடினம். ஆபத்து அதிகம் உள்ளது நோட்டின் இந்தத் திரும்பும் பயணத்தில்தான்.

தமிழ்நாட்டின் மிகப் பெரிய ரயில் கொள்ளை அப்படித்தான் நடந்தது. 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய விரைவு ரயிலில், ரிசர்வ் வங்கிக்குத் திரும்ப வேண்டிய 342 கோடி ரூபாய் பழைய நோட்டுகள் 226 பெட்டிகளில் ஒரு பார்சல் வேனில் ஏற்றப்பட்டிருந்தன. ஆயுதம் தாங்கிய போலீசார் பக்கத்து ரயில் பெட்டியில் வந்தார்கள். மறுநாள் காலை எழும்பூரில் அந்த வேனைத் திறந்தபோது உள்ளே வெளிச்சம் விழுந்தது. கூரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. கதவில் யாரும் கைவைக்கவில்லை. சில பெட்டிகள் உடைக்கப்பட்டு, 5.78 கோடி ரூபாய் காணாமல் போயிருந்தது.

சேலம் – விருத்தாசலம் பாதை அப்போது மின்மயமாகவில்லை. டீசல் இன்ஜின்தான் இழுத்தது. மேலே உயர்மின் கம்பி இல்லாததால் ஓடும் ரயிலின் கூரையில் ஆள் உட்கார முடிந்தது. விருத்தாசலத்துக்குப் பிறகு கம்பி உண்டு. இந்த வேறுபாடே விசாரணைக்குத் திசை காட்டியது. வழக்கு ரயில்வே போலீசிடமிருந்து சிபிசிஐடிக்குப் போனது. அந்த இரவில் பாதையோரக் கோபுரங்களில் பதிவான செல்பேசி எண்களைச் சலித்ததில், மத்தியப் பிரதேசத்துக்குத் தடம் கிடைத்தது. 2018 அக்டோபரில் கைதுகள் தொடங்கின. சின்னசேலம் அருகே கூரையில் ஏறி, தகட்டை அறுத்து உள்ளே இறங்கி, நோட்டுகளை லுங்கிகளில் மூட்டை கட்டி, விருத்தாசலத்துக்கு முன்பே காத்திருந்த கூட்டாளிகளிடம் சேர்த்தார்கள் என்பது சிபிசிஐடி சொன்ன விவரம். அதற்கு முன்பே பலமுறை அதே ரயிலில் பயணம் செய்து நோட்டம் பார்த்திருந்தார்களாம். ஆயுதக் காவலையே நம்பியிருந்த ஏற்பாட்டில், தலைக்கு மேல் இருந்த மெல்லிய தகட்டை யாரும் எண்ணிப் பார்க்காதது வருத்தத்துக்குரியது.

இங்கிலாந்தில் 1963-ல், இதே ஆகஸ்ட் 8 அன்று, கிளாஸ்கோவிலிருந்து லண்டன் சென்ற அஞ்சல் ரயிலை மறித்து 26 லட்சம் பவுண்டுக்கு மேல் கொள்ளையடித்தார்கள். அங்கும் பெரும்பகுதி புழங்கிய நோட்டுகளே.

சேலம் ரயில் கொள்ளை நடந்து மூன்று மாதம் கழித்து, நவம்பர் 8 அன்று, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கொள்ளையர்கள் செலவழித்தது போகக் கையில் மிஞ்சிய அந்த நோட்டுகள் வெறும் காகிதமாயின. சேலம் – விருத்தாசலம் பாதைக்கு மேலேயும் பின்னர் மின்கம்பி வந்துவிட்டது.