கணக்கதிகாரமும் வண்டிப் பட்டறையும்

வட்டத்தை அளக்க, காரி நாயனாரின் கணக்கதிகாரம் வழி சொல்கிறது. விட்டத்தை இரட்டித்து, நான்மாவால், அதாவது ஐந்தில் ஒன்றால் பெருக்கி, மறுபடி எட்டால் பெருக்கினால் சுற்றளவு. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு. பரப்புக்கான விதியில் பழுதே இல்லை. 499இல் ஆரியபட்டர் சொன்னதும் இதுதான். சுற்றளவு விதிதான் கொஞ்சம் கூட்டிக் காட்டும். விட்டத்துக்கு 3.2 மடங்கு என்று அது வைக்கிறது. ஆரியபட்டரோ 3.1416 வரை போயிருந்தார்.

நிலம் அளக்க அந்த 3.2 தாராளமாகப் போதும். பத்துக் கோல் விட்டமுள்ள வட்டத்துக்கு 80 குழி, அதாவது 80 சதுரக் கோல் வரும். உண்மையில் 78½ குழிதான். எந்த வயலும் கவராயம் வைத்துப் போட்ட வட்டமாக இருப்பதில்லை, அதனால் ஒன்றரைக் குழி யார் கண்ணிலும் படாது.

வண்டிப் பட்டறையில் அது செல்லாது. ஐந்தடிச் சக்கரத்துக்கு 3.2 மடங்கு என்றால் சுற்று 16 அடி. சக்கரத்தின் உண்மையான சுற்றோ 15 அடி எட்டரை அங்குலம்தான். மூன்றரை அங்குலம் கூடுதலாக வெட்டிய இரும்புப் பட்டை, சக்கரத்தின் மரச் சுற்றான வட்டையைப் பிடிக்காது, கழன்று விழும்.

மாட்டுவண்டிச் சக்கரம் செய்த என் தாத்தா இந்தப் பெருக்கலையே தொடவில்லை. வட்டையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போடுவார். நீட்டிப் போட்ட பட்டையின் மேல் சக்கரத்தை நிறுத்தி, கோடு மறுபடி இரும்பைத் தொடும்வரை உருட்டுவார். அந்த நீளத்தில் ஓரங்குலம் குறைப்பார். பிறகு பட்டையின் தடிமனைப்போல் மூன்று மடங்கு சேர்ப்பார்; வளைக்கும்போது உள்பக்கம் சுருங்குமே, அதை ஈடுகட்ட. அங்கே 3 என்ற முழு எண்ணே போதும்! அரை அங்குலத் தடிமனில் பிழை ஓர் அங்குலத்தில் பதினாலில் ஒரு பங்குதான். எந்த இடத்தில் துல்லியம் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதையும் கணிதம் என்றே சொல்வேன்.

வளைத்து ஒட்டிய பட்டை சக்கரத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். வரட்டி அடுக்கி, பட்டை சிவக்கும்வரை மூட்டம் போடுவார்கள். பெரிய இடுக்கியால் நாலு பேர் தூக்கிச் சக்கரத்தில் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கச் சுருங்க வட்டையும் ஆரக்காலும் குடமும் ஒன்றையொன்று இறுக்கும். சூடு 700 டிகிரி ஏறினால் அவ்வளவு நீளப் பட்டை ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் நீளும். தாத்தா குறைத்த ஓரங்குலம் அதற்குள் அடங்கிவிடுகிறது, பட்டையை இறக்க அரை அங்குல இடமும் மிஞ்சுகிறது.