நெல் உற்பத்தியாளர் யார்?

கிராமப்புற வளர்ச்சி பற்றிய எந்த அறிக்கையைப் புரட்டினாலும் மூன்று சொற்கள் கட்டாயம் இருக்கும்: உற்பத்தித்திறன், போட்டித்திறன், செலவுக் குறைப்பு. இந்தச் சொற்கள் கீழத்தஞ்சையில் ஒருமுறை என்ன செய்தன என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. வெண்மணியை நாம் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று நினைவுகூர்கிறோம். ஆனால் அதை வளர்ச்சித் திட்டத்தின் வரலாறாக அதிகம் படிப்பதில்லை.

1959இல் போர்டு பவுண்டேஷன் வல்லுநர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி குறித்து ஓர் அறிக்கை தந்தது. நாடு முழுவதும் காசைச் சிதறவிடாமல், தண்ணீரும் வளமும் உள்ள மாவட்டங்களில் குவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அப்படி முதலில் தேர்வான ஏழு மாவட்டங்களில் லூதியானா, மேற்கு கோதாவரியோடு தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. கடன் வந்தது கூட்டுறவுச் சங்கம் வழியாக. அதை வாங்க நிலம் வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்ற பறையர், பள்ளர் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குடிசை நின்ற மண்ணே மிராசுதாருடையது.

ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால ரகங்கள் குறுவைக்கு வந்ததும் கணக்கு மாறியது. மேட்டூர் திறந்து நட்ட குறுவை, ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில் முற்றி நிற்கும். உடனே அறுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கதிர் நனைந்து முளைத்துவிடும். ஆக, விளைச்சல் கூடக்கூட அறுக்கிற கையின் பலமும் கூடியது. 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றோர் கட்டிய செங்கொடிச் சங்கம் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக நின்றது. அதே சங்கம் இப்போது கூலியை உயர்த்தச் சொன்னது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே பலர் பண்ணையாளைத் தினக்கூலியாக்கிப் பொறுப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

பிறகு அவர்களும் ஒரு சங்கம் கட்டினார்கள். அதன் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். இந்தப் பெயரில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். நாற்று பறித்தவர், நட்டவர், களை எடுத்தவர், அறுத்தவர், அடித்தவர் யாரும் இதில் உற்பத்தியாளர் இல்லை. அவர்கள் உற்பத்திச் செலவு. செலவைக் குறைப்பதுதானே போட்டித்திறன்?

தொழிலாளர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். மிராசுதார்கள் கேட்டது, செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் கொடியை ஏற்ற வேண்டும் என்பது. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இது கூலிச் சண்டையா, சாதிக் கொலையா என்று இன்றும் சிலர் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். கூலி வாங்குகிறவர் யார், நிலம் வைத்திருப்பவர் யார் என்பதையே சாதி தீர்மானித்த ஊரில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள்? உயர் நீதிமன்றமோ, கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்று சொல்லி விடுதலை செய்தது.

1969இல் மத்திய உள்துறை அமைச்சகமே வேளாண் பதற்றங்கள் குறித்து ஓர் அறிக்கை எழுதியது. புதிய தொழில்நுட்பத்தின் பலன் நிலமுள்ளோரிடம் குவிவதை அது ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனைகளுக்கு உரிமை தரும் சட்டம் வந்தது. எங்கள் பார்வையில் இரண்டாவதுதான் பெரியது. கொடி ஏற்றினால் குடிசையைப் பிரித்துவிடுவேன் என்ற மிரட்டலின் பல்லைப் பிடுங்கியது அது.

ஆனால் வயல் கைக்கு வரவில்லை. அதற்காகத்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேசி, கடன் ஏற்பாடு செய்து, தலித் பெண்களின் பெயரில் ஏக்கர் ஏக்கராக நிலம் பதிந்தார். நிலம் பெயரில் இருந்தால்தான் பயிர்க்கடனும் வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் எளிதாகக் கிடைக்கும். இன்றும் நிலைமை பெரும்பாலும் அதுவே.

மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவர்களில் சேரியைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். தகவல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுத நாங்கள் உதவுகிறோம்.