பசிக்கு அடுப்பு மூட்டிய பாவலர்: வடலூர் இராமலிங்க அடிகளார்

தைப்பூசம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பத்துமலையும் பினாங்குத் தண்ணீர்மலையும்தான். காவடியும் பால்குடமும் மலையேறுகின்ற அதே நாளில், தமிழ்நாட்டில் கடலூருக்கு மேற்கேயுள்ள வடலூர் என்னும் ஊரிலும் மக்கள் பெருங்கூட்டமாகத் திரளுகின்றனர். அங்கே காவடி இல்லை. ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலக, உள்ளே ஒளிரும் ஒரு தீபத்தைக் கண்டு வணங்குகின்றனர். வணங்கியவர்கள் பசியோடு திரும்புவதில்லை. தீபத்தையும் சோற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தவர் யார்? அவர்தாம் இராமலிங்க அடிகளார். வள்ளலார் என்று நாம் அன்போடு அழைக்கும் அப்பெரியாரின் வாழ்வையும் பாடலையும் இன்று சிறிது காண்போம்.

சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூர் என்றொரு சிற்றூர். அங்கே இராமையாபிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாக 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கம் பிறந்தார். கைக்குழந்தையாய் இருக்கும்போதே தந்தை காலமானார். குடும்பத் தலைவரை இழந்த தாய், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரி சென்று, பின்னர்ச் சென்னையில் குடியேறினார். மூத்த அண்ணன் சபாபதி, புராணச் சொற்பொழிவு செய்து கிடைத்த வருவாயில் குடும்பத்தைக் காத்தார்.

தம்பியும் படித்து முன்னேற வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. தம்பியோ பள்ளிப் பாடத்தில் நாட்டம் கொள்ளாமல் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் நின்று பாடத் தொடங்கினார். கோபம் கொண்ட அண்ணன், வீட்டில் சோறு போடக்கூடாது என்று கட்டளையிட்டார். அண்ணி பாப்பாத்தியம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கணவர் இல்லாத வேளை பார்த்து மைத்துனரை அழைத்துச் சோறிட்டார் என்று வரலாறு கூறுவர். ஒருநாள் அண்ணியார் கண்ணீர் விட்டு வேண்டவே, இராமலிங்கர் வீட்டிலேயே தங்கிப் படிக்க இசைந்தார். மாடி அறையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்முன் விளக்கேற்றித் தியானம் செய்தார். அந்தக் கண்ணாடியும் விளக்கும் பிற்காலத்தில் வடலூரிலும் இடம்பெற்றன. ஆனால் அதற்கு முன்பே, சோறு மறுக்கப்படுவது எப்படி இருக்கும், மறைத்து இடப்பட்ட சோறு எப்படி இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சென்னையில் ஏழுகிணறு வட்டாரத்தில் வாழ்ந்த காலத்தில் அவர் திருவொற்றியூருக்கு நடந்து சென்று வழிபட்டார். முருகன்மீதும் சிவபெருமான்மீதும் நூற்றுக்கணக்கான பாடல்கள் பிறந்தன. 1850இல் உறவினர் வற்புறுத்தலால் தமக்கை மகளை மணந்தார். ஆயினும் அவருடைய மனம் இல்லறத்தில் பற்றவில்லை. துறவியாக வாழ்ந்தாலும் காவி உடுத்தவில்லை. உடலையும் தலையையும் வெள்ளாடையால் போர்த்திக்கொண்டார். 1851இல் ஒழிவிலொடுக்கம் என்னும் பழைய நூலைப் பதிப்பித்தார். 1854இல் மனுமுறைகண்ட வாசகம் என்ற உரைநடை நூல் வெளிவந்தது. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய சோழனின் கதை அது. வாயில்லா உயிரின் துயரத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவரிடம் வேரூன்றியிருந்தது.

1857ஆம் ஆண்டையொட்டிச் சென்னையை விட்டு நீங்கித் தில்லையை நோக்கி நடந்தார். வடலூருக்கு அருகே கருங்குழி என்னும் ஊரில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் பல ஆண்டுகள் தங்கினார். அங்கே எழுதிய பாடல்களை அவர் அச்சிட விரும்பவில்லை. சென்னையிலிருந்த அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளைதான் உண்பேன் என்று உறுதி பூண்டார். ஒருவர் தம் பொருட்டுப் பசித்திருக்கிறார் என்பதை அடிகளாரால் தாங்க முடியவில்லை, இறுதியில் இசைந்தார். இவ்வாறு, அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் வகுத்த முறையில், 1867இல் முதல் நான்கு திருமுறைகள் ‘திருவருட்பா’ என்னும் பெயரில் வெளிவந்தன. அடிகளார் மறைந்த பின்னர் 1880இல் ஐந்தாம் திருமுறையும், 1885இல் ஆறாம் திருமுறையும் அச்சேறின.

பாடல்களுக்கு எதிர்ப்பும் எழுந்தது. தேவார திருவாசகம் போன்ற அருள்நூல்களுக்கு மட்டும் உரிய பெயரை இக்காலத்துப் பாடலுக்குச் சூட்டலாமா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வினவினார். நாவலரும் தமிழுக்கும் சைவத்துக்கும் அருந்தொண்டு செய்த பெரியார்தாம். அருட்பா, மருட்பா என்ற அந்த வாதம் இருவரும் மறைந்த பின்னும் ஓயவில்லை. அப்போது அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறி வாதாடியவர்களுள் ஒருவர் செய்குத்தம்பிப் பாவலர். இஸ்லாமியத் தமிழ்ப் புலவரான அவர் இந்தப் பாடல்களைத் தமதென்று ஏற்றுப் பேசினார். சமயம் கடந்த அன்பைப் பாடிய நூலுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

முதல் பாடல்களில் கோயிலில் நிற்கும் அடியாரைக் காண்கிறோம். கடவுளிடம் அழுகிறார், உரிமையோடு கெஞ்சுகிறார். ஆறாம் திருமுறைக்கு வரும்போது சாதி, சமய வேறுபாடுகள் யாவும் பிள்ளை விளையாட்டாக அவருக்குத் தோன்றுகின்றன. இறைவனை அருட்பெருஞ்ஜோதி என்றே அழைக்கிறார். 1872இல் இயற்றிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1,596 அடிகள் கொண்டது. நீண்ட பாட்டாயினும் சொற்கள் எளியவை. எழுத்தறியாத மூதாட்டியும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்யக்கூடிய ஓசை அதில் உண்டு.

ஆனால் அடிகளார் பாட்டோடு நின்றுவிடவில்லை. 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். ஊர் மக்கள் மனமுவந்து நிலம் அளித்தனர். அதற்கு முந்திய ஆண்டுதான் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளை உணவுப் பஞ்சம் வாட்டியிருந்தது. வடலூரோ இரண்டு பெருவழிகள் சந்திக்கும் இடம். நடந்து களைத்து வருவோர் அவ்வழியேதான் வருவர். வந்தவரிடம், எந்த ஊர், என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்காமல் சோறிட வேண்டும் என்பது அடிகளாரின் விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று வடலூர் மக்கள் பெருமையோடு கூறுகின்றனர்.

சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் பசியைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் நம் நெஞ்சு நடுங்கும். பசி வந்தால் கண் குழியும், காது அடைக்கும், நா வறளும், அறிவு மயங்கும், வீரம் குறையும் என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். அரசனும் பசி வந்தால் தன் பெருமையை மறப்பான் என்கிறார். ஏழையின் பசியைத் தீர்ப்பதே கடவுள் வழிபாடு என்பது அவர் கண்ட முடிவு. புலால் உண்ணாமையையும் உயிர்க்கொலை செய்யாமையையும் அவர் வற்புறுத்தியதும் இந்த இரக்கத்தின் தொடர்ச்சியே.

நேயர்களே, இங்கே நம் குடும்பக் கதையும் வந்து சேருகிறது. அடிகளார் வடலூரில் அடுப்பு மூட்டிய அதே ஆண்டுகளில்தான், அண்மையிலுள்ள நாகப்பட்டினத் துறைமுகத்தில் நம் மக்கள் பினாங்குக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். இன்று செபராங் பிறை என வழங்கும் வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். பின்னர் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஊரில் சோறில்லாமல்தான் பலர் கடல் கடந்தனர். பசியைப் பற்றி அடிகளார் எழுதிய பக்கங்கள் நம் பாட்டன் பாட்டிமார் உடலால் அறிந்த செய்தி.

1872 சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வடலூரில் சத்திய ஞானசபை திறக்கப்பட்டது. எண்கோண வடிவில் அமைந்த அச்சபையில் ஏழு நிறத் திரைகளுக்குப் பின்னால் கண்ணாடியும் தீபமும் உள்ளன. அறியாமை என்னும் திரைகள் விலகினால் உள்ளத்து ஒளி தெரியும் என்பது அதன் பொருள். அடிகளார் தம் இறுதி ஆண்டுகளை அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில் கழித்தார். 1873 அக்டோபரில் அங்கே கொடியேற்றி அன்பர்களுக்குப் பேருபதேசம் செய்தார். 1874 சனவரி 30ஆம் நாள், வெள்ளிக்கிழமை, ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்தச் செய்தார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. இறைவனின் ஒளியோடு கலந்துவிட்டார் என்பது அடியார்களின் நம்பிக்கை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளியான தென்னார்க்காடு மாவட்ட அரசாங்க நூலிலும் இச்செய்தி இடம்பெற்றது.

அடிகளார் மறைந்த அறையைக் குறித்து மக்கள் இன்றும் வியந்து பேசுகின்றனர். ஆனால் அவர் திறந்து வைத்துச் சென்ற இன்னொரு கதவைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். அது தருமச்சாலையின் கதவு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சன்மார்க்க சங்கத்தார் அன்னதானம் செய்யும்போது அந்தக் கதவுதான் இங்கேயும் திறக்கிறது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் முன்னோரும் இதை ஏட்டில் படித்துச் செய்யவில்லை. பக்கத்து வீட்டில் அடுப்புப் புகை எழவில்லையென்றால், அரை டின் அரிசியை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மைத்துனருக்கு மறைத்துச் சோறிட்ட பாப்பாத்தியம்மாளின் கை அது.

அந்தக் கை நம் வீட்டிலும் இருக்கிறதா? அடுத்த தைப்பூசத்துக்கு முன், வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அமர்ந்து, எந்த ஊரிலிருந்து, எந்தப் பசிக்காகக் கப்பலேறினோம் என்று கேட்டு வையுங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். திருவருட்பாவைப் படிக்கும்போது அந்த ஏடும் பக்கத்தில் இருக்கட்டும்.