கீழைக்கரையின் வெளிச்சமும் சில பழைய படங்களும்

இலங்கையின் புகைப்பட வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை விரைவிலேயே புலப்படும். கமரா எப்போதும் பாதையைப் பின்தொடர்ந்தே போயிருக்கிறது. கொழும்பு, காலி, கண்டி, தேயிலை மலைகள், அநுராதபுரத்து இடிபாடுகள் ஆகியவற்றைச் சுற்றியே வெள்ளைக்காரர் காலத்து அல்பங்கள் திரும்பத் திரும்ப வலம் வருகின்றன. கப்பல் நின்ற இடமும் ரயில் சென்ற இடமும் படமாயின. மற்ற ஊர்கள் எழுத்தில் மட்டும் தங்கின.

எங்கள் கீழைக்கரையில் ரயில் மட்டக்களப்பு வரைதான் வந்தது. அதுவும் 1928 ஆம் ஆண்டில். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்முனைக்கு மாட்டு வண்டியிலோ, வாவி வழியே தோணியிலோ, பிற்காலத்தில் பஸ்ஸிலோ வர வேண்டியிருந்தது. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்று பற்றுக்களாகப் பிரிந்து கிடந்த இந்தக் கரை, 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று. நான் பார்த்த பழைய அல்பங்களில் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களின் படங்கள் அரிதினும் அரிது. ஆகவே இந்தக் கரையின் பட வரலாற்றை எழுத வேண்டுமானால், அரசாங்கச் சுவடிகளைவிட வீட்டு அலுமாரிகளையே அதிகம் நம்ப வேண்டும். அந்த அலுமாரிகளை நிரப்பியவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஓய்வு நாளில் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்கோ குளக்கரைக்கோ காட்டுக்கோ போன சாதாரண மனிதர்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

பொழுதுபோக்குக்காகப் படமெடுப்பவரை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. உலகப் புகைப்பட வரலாறு அதற்கு நேர்மாறான கதையைச் சொல்கிறது. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு முதல் கமரா கிடைத்தது 48 ஆவது வயதில், மகளும் மருமகனும் கொடுத்த அன்பளிப்பாக. பதினொரு பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அவர் உலகறிந்த கலைஞரானார். 1875 இல் அவரும் கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் இலங்கைக்குக் குடிவந்தனர். இந்தக் கணவர் வேறு யாருமல்லர். இராஜகாரிய முறையை ஒழித்த கோல்புறூக் கமரன் சீர்திருத்தங்களில் பெயர் பொறிக்கப்பட்டவர்தான். மலைநாட்டில் அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன.

ஈரக் கண்ணாடித் தகட்டில் படமெடுத்த காலம் அது. இரசாயனம் காய்வதற்குள், சில நிமிடங்களில், படத்தை எடுத்துக் கழுவி முடித்துவிட வேண்டும். நம் நாட்டு வெக்கையில் அது எத்தனை பாடு என்பதை இருட்டறையில் வேலை செய்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் அவர் இங்கே தம்மைச் சுற்றியிருந்த கிராமத்தவர்களையும் தோட்டத் தொழிலாளரான தமிழர்களையும் படம் பிடித்தார். அவற்றுள் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1879 இல் இறந்த அவர் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தப் படங்களில் நிற்கும் நம்மவர் எவருக்கும் பெயர் குறிக்கப்படவில்லை. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த பெரிய பெயர் லயனல் வென்ட். 1900 இல் கொழும்பில் பிறந்தவர். சட்டம் படித்தார், பியானோ வாசித்தார், ஆனால் நிலைத்தது புகைப்படத்தால். கிராமங்கள், கடற்கரைகள், உழைக்கும் உடல்கள், ஒளியும் நிழலும் என்று அலைந்து திரிந்து எடுத்தவர். 1944 இல், 44 ஆவது வயதிலேயே மறைந்தார். அவருடைய நெகட்டிவ்கள் அழிந்துபோயின. அச்சிட்டு வைத்த படங்களைக் கொண்டுதான் 1950 இல் அவருடைய தொகுப்பு வெளிவந்தது. தாளில் ஒரு பிரதி இருந்ததால் ஒரு கலைஞன் தப்பினான்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912 – 1996). காட்டையும் விலங்கையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல கமராக்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே ஒரு கமராவைக் கட்டிக்கொண்டவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதியவர். அவரது தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகியுள்ளன. பொறுமையாகக் காத்திருந்து கவனிப்பதே படப்பிடிப்பின் முக்கால் பங்கு என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது. கருவியின் விலை அதற்குப் பின்னர்தான்.

இனி நம் கரைக்கு வருவோம்.

கல்முனைப் பகுதியின் நில அமைப்பே ஒரு படப்பிடிப்பாளனுக்குப் பள்ளிக்கூடம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒடுங்கிய மணல்மேட்டில் ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள். சுபஹுத் தொழுகை முடித்துக் கடற்கரைக்குப் போனால், சூரியன் நீரிலிருந்து நேரே எழும். கரைவலை இழுக்கும் ஆட்கள் அந்த வெளிச்சத்துக்கு எதிரே கரிய உருவங்களாக வரிசையில் நிற்பார்கள். அஸருக்குப் பின்னர் வயற்பக்கம் போனால், வேளாண்மை வெட்டும் காலத்தில் சாய்ந்த ஒளியில் முழு வெளியும் பொன்னாக இருக்கும். மாரியில், வாடைக்காற்றுடன் வானம் கறுத்து இறங்கும்போது வாவியும் வயலும் ஒன்றாகிவிடும். ஒரே ஊரில், நடந்து போகும் தூரத்தில், இரண்டு வேளைக்கு இரண்டு உலகம்.

தெற்கே சற்றுப் பயணம் செய்தால் கதை விரியும். லாகுகலைக் குளத்துப் புல்லை மேய வரும் யானைகள், பொத்துவில், அறுகம்பே, பாணமை, அதற்கப்பால் உகந்தை முருகன் கோயில், அதையும் தாண்டிக் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் கூமுனை என்று சொல்லும் குமண. 1938 இல் சரணாலயமான இடம். ஏறக்குறைய 200 ஹெக்டேயர் பரப்புள்ள அதன் வில்லுவில் மே, ஜூன் மாதங்களில் நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும். அங்கு பதிவான பறவையினங்கள் 250 க்கும் மேல். மேற்கே கல்லோயா. 1949 இல் தொடங்கிய திட்டத்தால் உருவான சேனாநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகும் காட்சியைத் தேடி இன்று உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

எங்கள் முஸ்லிம் ஊர்களில் கமரா நுழைந்த விதத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. உயிருள்ளவற்றின் உருவத்தைப் பதிவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு இருந்து வருகிறது. ஆகவே பல குடும்பங்களில் சுவரில் உருவப்படம் மாட்டும் வழக்கமே இருக்கவில்லை. ஹஜ் பயணத்துக்கான பாஸ்போட்டும், 1972 இல் வழங்கத் தொடங்கிய தேசிய அடையாள அட்டையும் எல்லோரையும் ஒரு தடவையாவது கமராவின் முன் உட்கார வைத்தன. ஆனால் கடல், மரம், மலை, வானம் ஆகியவற்றின் படங்களைப் பற்றி எவரும் பெரிதாக ஆட்சேபித்ததில்லை. இதனால் படமெடுக்கும் ஆசை கொண்ட இளைஞனுக்கு இயற்கை, மறுப்பில்லாத வாசலாக அமைந்தது என்பது என் கணிப்பு. தாத்தாவின் முகம் இல்லாத வீட்டிலும் அவர் காலத்துக் கடற்கரையின் படம் ஒன்று கிடைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

1977 இன் திறந்த பொருளாதாரமும், அதையொட்டி வந்த மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும் அடுத்த திருப்பம். சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் விடுமுறையில் வந்தவர்களின் பெட்டியில் வானொலிப் பெட்டியோடு ஒரு யஷிக்கா கமராவும் இருக்கும். திரும்பிப் போகும்போது அது தம்பியின் கைக்கு வரும். 36 படங்கள் கொண்ட ஒரு சுருளை மூன்று மாதம் வைத்துச் சிக்கனமாக எடுத்த காலம் அது. ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் என்று ஒரு தலைமுறை இப்படித்தான் உருவாயிற்று. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் நினைவாக நடக்கும் கொடியேற்ற விழாவும் மருதமுனை நெசவாளரின் தறிகளும் அவர்களின் சுருள்களில் இடம்பிடித்தன.

பிறகு யுத்தம். கமரா வைத்திருப்பதே சந்தேகத்துக்குரியதாகிவிட்ட நாட்கள் அவை. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், சோதனைச் சாவடியில் கமராவுக்கு விளக்கம் சொல்வது செய்தி சேகரிப்பதைவிடக் கடினமான வேலையாக இருந்தது. குமண அடங்கிய யால கிழக்குப் பூங்கா 1985 இல் மூடப்பட்டு 2003 இல்தான் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பறவைகளைச் சாதாரணப் பயணி எவரும் பார்க்கவில்லை. எங்கள் பிள்ளைகள் ஒரு தலைமுறையினர், தம் மாவட்டத்தின் மிக அழகான இடத்தைப் படத்தில்கூடக் காணாமல் வளர்ந்தார்கள்.

2004 டிசம்பர் 26. சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் எந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர்கள் போகவில்லை. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கடலோர வீதிகள் துடைக்கப்பட்டன. உயிர்ச்சேதத்தின் முன் வேறு எதையும் இழப்பு என்று சொல்ல நாக்கு கூசும். ஆனால் வாரங்கள் கழிந்த பின்னர், இறந்தவரின் ஒரு படமாவது கிடைக்காதா என்று இடிபாடுகளைக் கிளறியவர்களை நான் கண்டேன். அல்பம் போயிற்று, நெகட்டிவ் போயிற்று, அடையாள அட்டையும் போயிற்று. முகத்தை மனத்தில் மட்டுமே வைத்திருக்க வேண்டிய நிலை.

2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, யமமோட்டோ என்ற சிற்றூரில் மட்டும் இலட்சக்கணக்கான புகைப்படங்களைச் சேற்றிலிருந்து பொறுக்கியெடுத்து, தொண்டர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, பிரதியெடுத்து, உரியவர்களிடம் சேர்க்க முயன்றார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் கடற்கரையில் மண்ணோடு மண்ணாகப் போன அல்பங்களே நினைவுக்கு வந்தன. புகைப்படமும் மீட்கப்பட வேண்டிய ஒன்று என்ற எண்ணம் அன்று நமக்கு வாய்க்கவில்லை. உயிரோடிருந்தவர்களைக் காப்பதற்கே கை போதவில்லை.

இன்றைய நிலைமை வேறு. எல்லோர் கையிலும் கமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. விடுமுறை நாளில் இளைஞர்கள் கூட்டமாக மோட்டார் சைக்கிளில் அறுகம்பேக்கும் குமணவுக்கும் போய் வருகிறார்கள். அவர்களில் சிலரின் பறவைப் படங்கள் எந்த நாட்டுச் சஞ்சிகையிலும் வெளிவரத் தக்கவை. மகிழ்ச்சிதான். கூடவே இரண்டு கவலைகளும் உண்டு. கூட்டில் இருக்கும் பறவையைக் கிளப்பிப் பறக்கவிட்டுப் படமெடுப்பதும், யானையை நெருங்கிப் போவதும் இயற்கையை நேசிக்கும் செயலாகா. அது முதற் கவலை.

இரண்டாவது, நமது வரலாறு சம்பந்தப்பட்டது. ஒலுவில் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 இல் வேலை தொடங்கி 2013 இல் திறக்கப்பட்டது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. அலைதடுப்புச் சுவர் அதை மறித்ததும், தெற்கே மணல் குவிந்தது, வாயில் அடைபட்டது, வடக்கே நிந்தவூர்ப் பக்கமாகக் கடல் நிலத்தைத் தின்றது. தென்னந்தோப்புகளும் மீன்வாடிகளும் போயின. ‘இங்கேதான் எங்கள் தோப்பு இருந்தது’ என்று ஒரு கடற்றொழிலாளி கடலைக் காட்டும்போது, அவர் சொல்வதை நிரூபிக்க என்ன இருக்கிறது? யாரோ ஒரு பொழுதுபோக்குப் படக்காரர் 1990 களில் சூரிய உதயத்துக்காக எடுத்த படத்தின் ஓரத்தில் அந்தத் தோப்பு நிற்கலாம். அழகுக்காக எடுத்த படம் சாட்சியாகும் இடம் இதுதான். ஆனால் எந்த நாள், எந்த இடம் என்று தெரியாத படம் சாட்சிக்கூண்டில் ஏற முடியாது. ஜூலியா கமரனின் படத்தில் பெயரின்றி நிற்கும் தோட்டத் தமிழர்களைப் போல, அழகாக இருந்தும் ஊமையாகவே இருக்கும்.

ஆகவே, உலகின் எந்த மூலையில் இருந்தாலும், இந்தக் கரையோடு தொடர்புள்ள வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். லண்டனிலோ டோஹாவிலோ தெஹிவளையிலோ உங்கள் பெட்டியில் கிடக்கும் பழைய படங்களை வெளியே எடுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், எடுத்த ஆண்டு, ஊர், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, நிற்பவர் யார் என்று எழுதுங்கள். முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். தொலைபேசியில் மட்டும் உள்ள படங்களில் வருடத்துக்குப் பத்தையாவது தாளில் அச்சிடுங்கள். லயனல் வென்ட் தப்பியது தாளால்தான்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. குமணவுக்குப் போங்கள், கல்லோயாவுக்குப் போங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஓர் இடத்தைத் தெரிவு செய்து, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். பரிசு எதுவும் கிடைக்காது. இருபது ஆண்டு கழித்து, கடல் எவ்வளவு உள்ளே வந்தது என்று யாராவது கேட்டால், பதில் உங்கள் கையில் இருக்கும்.