பாபரின் உம்மம்மா

முகலாயப் பேரரசை நிறுவிய ஜஹீருத்தீன் முஹம்மது பாபரைப் பானிப்பட்டுப் போர்க்களத்தோடு சேர்த்தே நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். 1526-ஆம் ஆண்டின் அந்த வெற்றிக்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், தந்தையை இழந்த சிறுவராக அவர் தத்தளித்து நின்றபோது அவரை நிலைநிறுத்திய கரங்களுள் ஒன்று ஒரு மூதாட்டியுடையது. அவர் பாபரின் தாயைப் பெற்றவர்; பெயர் ஈசான் தவ்லத் பேகம். பேரனுக்குப் பாட்டியாகவும் ஆலோசகராகவும் உற்ற துணையாகவும் விளங்கிய அந்த அம்மையாரின் வாழ்வு நம் இல்லங்களில் நினைவுகூரத்தக்கது.

மத்திய ஆசியாவின் மொகலிஸ்தானை ஆண்ட யூனுஸ் கானின் துணைவியார் அவர். யூனுஸ் கான் செங்கிஸ்கானின் வழித்தோன்றல். இளமையில் ஈரானில் கல்வி பயின்றவர். இத்தம்பதியரின் பெண்மக்கள் மூவர். மூத்தவர் மிஹ்ர் நிகார், சமர்கந்து மன்னருக்கு வாழ்க்கைப்பட்டார். நடுமகள் குத்லுக் நிகார், ஃபர்கானாவை ஆண்ட உமர் ஷெய்கு மிர்ஸாவை மணந்து பாபரைப் பெற்றெடுத்தார். இளையவர் கூப் நிகார், மிர்ஸா ஹைதர் துக்லத்தின் தாயார்.

ஈசான் தவ்லத் பேகத்தின் நெஞ்சுரத்தைக் காட்டும் நிகழ்ச்சியொன்றை இந்த ஹைதர் தமது ‘தாரீக்கே ரஷீதி’ நூலில் பதிந்துள்ளார். ஒருமுறை ஷெய்கு ஜமால் என்னும் தலைவன் யூனுஸ் கானைச் சிறைப்பிடித்தான். கானின் துணைவியாரைத் தன் அதிகாரிகளுள் ஒருவனுக்கு அளித்துவிட்டான். அம்மையார் வெளிப்படையாக எதிர்ப்பு எதையும் காட்டவில்லை. அவன் அறைக்குள் வந்ததும் கதவு அடைக்கப்பட்டது; பணிப்பெண்கள் அவனைக் கொன்று உடலை வெளியே எறிந்தனர். விசாரித்தபோது, தாம் யூனுஸ் கானின் மனைவி என்றும், கணவர் உயிரோடிருக்கத் தம்மை மற்றொருவனுக்கு அளித்தது ஷரீஅத்துக்கு முரண் என்றும், அதனாலேயே அவனைக் கொன்றதாகவும், விரும்பினால் தம்மையும் கொல்லலாம் என்றும் மறுமொழி தந்தார். ஷெய்கு ஜமால் அதனை ஏற்று, அவரை உரிய மரியாதையுடன் கானிடமே திருப்பி அனுப்பினான்.

ஹிஜ்ரி 899 ரமலானில், அதாவது 1494 ஜூன் மாதத்தில், அக்சி கோட்டையின் விளிம்பிலிருந்த புறாக்கூண்டு இடிந்து பள்ளத்தில் விழ, அதனோடு வீழ்ந்து உமர் ஷெய்கு மிர்ஸா மரணமடைந்தார். பாபருக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. ஒருபுறம் பெரிய தந்தையார் படையுடன் வந்தார். மறுபுறம் தாய்மாமன் வந்தார். வெளிப்பகை விலகிய சில மாதங்களிலேயே உட்பகை தலையெடுத்தது. ஹசன் யாகூப் என்னும் பிரதானி, பாபரை நீக்கிவிட்டு அவருடைய தம்பி ஜஹாங்கீர் மிர்ஸாவை அமர்த்தத் திட்டமிட்டார்.

இதனை உணர்ந்த விசுவாசிகள் ஒன்றுகூடிய இடம் ஈசான் தவ்லத் பேகத்தின் இல்லமே. கோட்டை வாயிலையொட்டிய அவ்வீட்டில், அவர் முன்னிலையில், ஹசன் யாகூபை நீக்குவதென முடிவு செய்யப்பட்டது. அங்கிருந்தே பாபர் குதிரையேறி உட்கோட்டைக்குப் புறப்பட்டார். வேட்டைக்குச் சென்றிருந்த ஹசன் யாகூப் செய்தியறிந்து சமர்கந்தை நோக்கி ஓடிப்போனார். அறிவிலும் ஆலோசனையிலும் தம் பாட்டிக்கு இணையான பெண்கள் மிகச் சிலரே என்றும், பெரும்பாலான காரியங்கள் அவருடைய யோசனைப்படியே நடந்தன என்றும் பாபர் தமது ‘பாபர்நாமா’வில் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

1497-இல் பாபர் சமர்கந்தைக் கைப்பற்றினார். நூறு நாள் ஆட்சிக்குள் சொந்த ஊரான அந்திஜானை எதிரிகள் முற்றுகையிட்டனர். தாயும் பாட்டியும் ஆசிரியரான ஹாஜா மவ்லானா காழியும் உடனே வருமாறு கடிதம் எழுதினர். நோயிலிருந்து முழுமையாகத் தேறாத நிலையில் பாபர் புறப்பட்டார்; அதற்குள் அந்திஜான் வீழ்ந்தது; காழியார் தூக்கிலிடப்பட்டார். தாயும் பாட்டியும் குஜந்தில் பாபரிடம் வந்து சேர்ந்தனர். ஊரும் இல்லை, பேரும் இல்லை என்ற நிலையில் அவருக்கு எஞ்சியிருந்தது அந்தக் குடும்பமே.

1501-இல் ஷைபானி கானின் முற்றுகையால் சமர்கந்தை இரண்டாம் முறையும் இழந்து வெளியேறியபோது பாட்டியார் அங்கேயே தங்க நேர்ந்தது. பின்னர், பசியால் மெலிந்த சிலரோடும் குடும்பத்தாரோடும் மூட்டை முடிச்சுகளோடும் திக்கத் என்னும் மலைக்கிராமத்தில் பேரனைத் தேடி வந்தடைந்தார். அரசை இழந்த பாபர் அந்நாளில் அம்மலைகளில் வெறுங்காலோடு நடந்து திரிந்தார். அதே கிராமத்தில் 111 வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். அவருடைய உறவினர் ஒருவர் 1398-இல் தைமூரின் படையோடு இந்தியா சென்றவர். அக்கதைகளை அந்தக் கிழவி சொல்லக் கேட்டதைப் பாபர் மறவாமல் எழுதி வைத்துள்ளார்.

1505-இல் காபூலில் பாபரின் தாயார் காய்ச்சலால் ஆறே நாளில் காலமானார். துக்கம் அனுசரித்த நாட்களிலேயே பாட்டியாரின் மரணச் செய்தியும் தாய்மாமன் அஹ்மத் கானின் மரணச் செய்தியும் வந்தன. ஏழைகளுக்கு உணவளித்து, மறைந்தவர்களுக்காக துஆச் செய்ததாகப் பாபர் எழுதுகிறார். நாற்பதாம் நாளை ஒட்டிப் பெரியம்மா மிஹ்ர் நிகார் முதலானோர் வந்துசேர, ஆறத் தொடங்கிய துயரம் மீண்டும் பொங்கியது.

இவ்வம்மையாரை நாம் அறிவது பேரர்கள் இருவரின் எழுத்தால். பாபர் துருக்கி மொழியில் தன்வரலாறு எழுதினார். ஹைதர் பின்னாளில் காஷ்மீரை ஆண்டபோது பாரசீகத்தில் வரலாறு எழுதினார். பாபரின் மகள் குல்பதன் பேகமும் ‘ஹுமாயூன் நாமா’வை எழுதிக் குடும்பத்துப் பெண்களின் வாழ்வைப் பதிந்தார். அந்தப் பேரர்கள் பாட்டியைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால், யூனுஸ் கானின் மனைவி என்ற ஒற்றை வரியோடு அவர் வரலாறு முடிந்திருக்கும்.

நம் குடும்பங்களிலும் இந்த இழப்பு நேர்ந்துகொண்டேயிருக்கிறது. கணவர் கொழும்பிலோ பினாங்கிலோ வாணிபம் செய்ய, பிள்ளைகளை ஓதவைத்து, வரவு செலவு பார்த்து, பங்காளிச் சண்டைகளைத் தீர்த்துவைத்த உம்மம்மாக்களும் வாப்பும்மாக்களும் எத்தனை பேர்! அவர்கள் மறைந்து இரண்டு தலைமுறை கடந்ததும் பெயர்கூடத் தெரியாமற் போகிறது. மறைந்தோருக்காக துஆச் செய்கிறோம். அவர்கள் பெயரால் ஸதகா கொடுக்கிறோம். அதனோடு, அவர்கள் எந்த ஊரில் பிறந்தார்கள், எந்தத் துன்பத்தை எப்படிக் கடந்தார்கள், யாருக்கு என்ன யோசனை சொன்னார்கள் என்பதை ஒரு குறிப்பேட்டிலாவது எழுதிவைப்போம். உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் இன்றே கேட்டறிவோம். கேட்பதற்கு அவர்கள் இருக்கும் காலம் மிகக் குறுகியது.